வெள்ளி நேற்று வந்த கோளா? பண்டைய வானமும் மாற்றுக் கோட்பாடுகளும்: ஓர் எளிய விளக்கம்

ஒரு காலத்தில் வெள்ளி வானில் இல்லை; அது வியாழனிலிருந்து வெடித்துப் பிறந்து, பூமியை உரசிச் சென்று, அதன் பிறகே இன்றைய இடத்தில் அமர்ந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருந்த ஒரு கோள் சிதறிப் போனது. நிபிரு என்னும் மறைந்த கோள் 3,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை நம்மை நெருங்கி வருகிறது. இப்படிப்பட்ட கூற்றுகள் காணொளிகளிலும் பகிர்வுச் செய்திகளிலும் ஓயாமல் சுற்றி வருகின்றன. கேட்பவர்களில் சிலர் முழுவதும் நம்பிவிடுகிறார்கள். அறிவியல் படித்தவர்களில் பலர் ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்குபவர் காரணத்தைச் சொல்லாதவரை, நம்புபவருக்கு அந்த மௌனம் எதையோ மறைப்பதாகவே தெரியும். ஆகவே இந்தக் கூற்றுகளை எந்த வழியில் சோதிக்கலாம், அந்தச் சோதனையில் அவை எங்கே நிற்கின்றன, எங்கே விழுகின்றன என்பதை வானியல் அறிமுகமே இல்லாதவருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

## குழப்பம் தொடங்கும் இடம்: காலம்

“கோள்கள் எப்போதும் இன்றுள்ள இடத்திலேயே இருந்தன என்று அறிவியல் சொல்கிறது” என்பது பரவலான எண்ணம். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. சூரியக் குடும்பத்தின் மிகப் பழைய திடப்பொருள்களின் வயது, விண்கற்களில் உள்ள கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு அளந்தபோது, ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டுகள் என்று தெரிந்தது. அந்தத் தொடக்கக் காலத்தில் கோள்கள் மோதின, இடம் பெயர்ந்தன. சில சூரியக் குடும்பத்தை விட்டே எறியப்பட்டிருக்கவும் கூடும். இதை இன்றைய வானியலாளர்கள் தயக்கமின்றிப் பேசுகிறார்கள்.

மனிதர் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் ஆகின்றன. சூரியக் குடும்பத்தின் வயதில் இது ஒன்பது இலட்சத்தில் ஒரு பங்கு. மாற்றுக் கோட்பாடுகள் கோள்களின் பேரழிவை இந்தச் சிறு துணுக்குக்குள் கொண்டுவந்து வைக்கின்றன. எனவே “கோள்கள் இடம் மாறினவா?” என்று கேட்பதோடு நின்றால் போதாது, “மனிதர் பார்த்துக்கொண்டிருந்தபோது இடம் மாறினவா?” என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்குரிய ஆதாரங்களை எடுத்து இரண்டாவது கேள்விக்கு விடையாக வைப்பதுதான் இத்துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

## கோட்பாடுகள் சொல்வது என்ன?

இவற்றுள் மிகப் பெரிய அதிர்வை உண்டாக்கியவர் இம்மானுவேல் வெலிகோவ்ஸ்கி. உளப்பகுப்பாய்வு மருத்துவரான அவர் 1950-இல் வெளியிட்ட நூலில், வியாழனிலிருந்து வெளியேறிய வெள்ளி வால்மீனைப் போல அலைந்து, கி.மு. 1500-ஐ ஒட்டிய காலத்தில் பூமியை நெருங்கியது என்றார். எபிரேய மறைநூலில் வரும் கொள்ளைநோய்கள், கடல் பிளந்தது, கதிரவன் நின்றது ஆகியவை எல்லாம் அதன் விளைவுகள் என்பது அவர் வாதம். பின்னர் கி.மு. எட்டு, ஏழாம் நூற்றாண்டுகளில் செவ்வாயும் பூமிக்கு அருகே வந்தது என்றும், கி.மு. 687-க்குப் பிறகே வானம் இன்றைய அமைதியை அடைந்தது என்றும் அவர் எழுதினார்.

அந்த நூலை வெளியிட்ட பதிப்பகம் பாடநூல்களையும் விற்று வந்தது. வானியலாளர்கள் சிலர் அந்தப் பாடநூல்களைப் புறக்கணிப்போம் என்று அழுத்தம் கொடுத்தனர். சில வாரங்களிலேயே நூலின் உரிமை வேறொரு பதிப்பகத்துக்குக் கைமாறியது. அது தவறான செயல் என்றே நான் கருதுகிறேன். மறுப்பை எழுதியிருக்க வேண்டியவர்கள் தடையை நாடியதால், அதன் பிறகு வந்த ஒவ்வொரு நியாயமான மறுப்பும் ஐயத்தோடு பார்க்கப்பட்டது. 1974-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அறிவியல் மாநாட்டு அமர்வில் வெலிகோவ்ஸ்கி நேரில் பங்கேற்க, வானியலாளர் கார்ல் சேகன் உள்ளிட்டோர் அவருடைய கூற்றுகளைப் புள்ளி புள்ளியாக எடுத்து விவாதித்தனர். 1950-இலேயே நடந்திருக்க வேண்டிய உரையாடல் அது.

நிபிரு பற்றிய கூற்று 1976-இல் எழுத்தாளர் செக்காரியா சிட்சின் வழியாகப் பரவியது. பாபிலோனிய ஆப்பெழுத்துப் பலகைகளில் வரும் அப்பெயரை அவர் ஓர் அறியப்படாத கோளின் பெயராகக் கொண்டார். ஆப்பெழுத்து என்பது ஈரக் களிமண்ணில் நாணல் முனையை அழுத்திப் பதிக்கும் பண்டைய மெசப்பொத்தேமிய எழுத்துமுறை. அந்தப் பலகைகளைப் படித்த அறிஞர்கள், நிபிரு பெரும்பாலும் மார்துக் கடவுளுக்குரிய வியாழனைக் குறித்தது என்று காட்டியுள்ளனர்.

சிதறிய கோள் என்பதற்குச் சற்று மதிப்பான வரலாறு உண்டு. 1801-இல் சீரிசும் 1802-இல் பல்லாசும் கண்டுபிடிக்கப்பட்டபோது, இவை உடைந்த ஒரு கோளின் துண்டுகளாக இருக்கலாம் என்று சொன்னவர் பல்லாசைக் கண்டுபிடித்த ஓல்பர்ஸ்தான். அன்றைக்கு அது நல்ல கருதுகோள். பின்னர் சிறுகோள் பட்டையில் உள்ள அனைத்தையும் திரட்டினாலும் நம் நிலவின் நிறையில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் தேறும் என்று தெரிந்தது. அங்கிருந்து வந்த விண்கற்களின் வேதியியலும் அவை பல தனித்தனித் தாய்ப்பாறைகளிலிருந்து பிறந்தவை என்று காட்டியது. அங்கே ஒரு கோள் உருவாகி உடையவில்லை. வியாழனின் ஈர்ப்பு கோள் திரளவே விடவில்லை என்பது இன்றைய விளக்கம்.

## பிரேக் பிடித்த பேருந்தும் திசை மாறிய கோளும்

வேகமாக ஓடும் பேருந்தை ஓட்டுநர் பிரேக் பிடித்து நிறுத்துகிறார். வண்டியின் ஓட்டம் நின்றாலும் அந்த ஓட்டத்தில் இருந்த ஆற்றல் காணாமல் போய்விடுவதில்லை. பிரேக் தகடுகளில் வெப்பமாக மாறுகிறது. மலைப்பாதையில் நெடுந்தூரம் இறங்கி வந்த பேருந்தின் சக்கரத்தருகே நின்றால் அனல் முகத்தில் அடிக்கும். வண்டி நின்றதற்கு அந்த அனலே சான்று. பிரேக் குளிர்ந்திருக்கிறது என்றால், அந்த வண்டி இப்போதுதான் வேகத்திலிருந்து நின்றது என்ற பேச்சை நாம் நம்ப மாட்டோம்.

கோளுக்கும் இதே விதிதான். ஒரு கோள் சூரியனைச் சுற்றும் வழிக்குச் சுற்றுப்பாதை என்று பெயர். அந்தப் பாதையின் அளவையும் வடிவையும் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, கோளின் இயக்க ஆற்றலும் ஈர்ப்பால் அதற்குள்ள ஆற்றலும் சேர்ந்த மொத்த ஆற்றல். மற்றொன்று கோணவுந்தம், அதாவது சுழல்கின்ற அல்லது சுற்றுகின்ற பொருள் தன் சுற்றலைத் தக்கவைத்துக்கொள்ளும் அளவு. வேறொரு பொருளுக்குக் கொடுக்காமலோ வேறொரு பொருளிடமிருந்து பெறாமலோ இவ்விரண்டும் மாறுவதில்லை. ஆகவே கோளின் பாதை மாறியது என்று சொல்பவர், போன ஆற்றல் எங்கே போனது, வந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று காட்டியாக வேண்டும்.

வெள்ளிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். வியாழனின் ஈர்ப்பிலிருந்து ஒரு பொருள் தப்பிச் செல்ல நொடிக்கு ஏறத்தாழ 60 கி.மீ. வேகம் வேண்டும். வெள்ளியின் நிறையுள்ள பொருளுக்கு அந்த வேகத்தைக் கொடுக்கத் தேவைப்படும் ஆற்றல், சூரியன் முழுவதுமாக எட்டு ஒன்பது மாதங்களில் வெளியிடும் ஆற்றலுக்குச் சமம். வியாழனின் உள்ளே அத்தகைய ஆற்றலைத் திடீரென விடுவிக்கும் எதுவும் இல்லை. வியாழன் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனது. வெள்ளியோ பாறையாலும் இரும்பாலும் ஆனது என்ற வேறுபாடு தனியே நிற்கிறது.

வெளியேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் இன்னும் கடினமானது. வியாழன் வரை நீளும் நீள்வட்டப் பாதையில் அலைந்த வெள்ளி, இன்றைய பாதைக்கு இறங்க வேண்டுமானால், தன் ஒவ்வொரு கிலோ நிறைக்கும் ஏறத்தாழ 46 கோடி ஜூல் ஆற்றலை இழந்திருக்க வேண்டும். ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. ஒரு கிலோ பாறையை உருக்கி ஆவியாக்கவே ஒன்றிரண்டு கோடி ஜூல் போதும். அந்த ஆற்றல் வெள்ளியின் உள்ளேயே வெப்பமாகியிருந்தால் வெள்ளி என்ற கோளே மிஞ்சியிருக்காது. பூமி போன்ற பிற கோள்களிடம் சென்றிருந்தால் அவற்றின் பாதைகள் சிதைந்திருக்கும். ஆனால் எட்டுக் கோள்களில் மிகவும் வட்டத்துக்கு நெருங்கிய பாதை வெள்ளியுடையதே. அலைந்து திரிந்து அண்மையில் வந்து சேர்ந்த கோளிடம் இருக்க முடியாத அமைதி அது.

நிபிருவுக்கும் இதே வழியில் விடை காணலாம். சூரியனிலிருந்து ஒரு கோளின் சராசரித் தொலைவு தெரிந்தால் அது ஒரு சுற்றுக்கு எடுக்கும் காலத்தைக் கெப்ளரின் விதி சொல்லிவிடும். காலம் தெரிந்தால் தொலைவைச் சொல்லிவிடும். 3,600 ஆண்டு என்றால் சராசரித் தொலைவு, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியைப் போல ஏறத்தாழ 235 மடங்கு. சூரியன் அருகே வந்துபோக வேண்டுமானால் மறுமுனை 470 மடங்குத் தொலைவுக்கு நீள வேண்டும். அவ்வளவு நீண்ட பாதையில் வரும் கோளை ஒவ்வொரு வருகையிலும் வியாழனின் ஈர்ப்பு சற்றே தள்ளிவிடும் என்பதால், அடுத்த வருகை 3,600 ஆண்டில் நிகழ வழியே இல்லை. சூரியக் குடும்பத்தின் வயதுக்கு அது பன்னிரண்டு இலட்சம் முறைக்கு மேல் உள்ளே வந்து போயிருக்க வேண்டும். அப்படி வந்திருந்தால் உட்கோள்களின் ஒழுங்கான பாதைகளும் சிறுகோள் பட்டையும் இன்றைய வடிவில் இருந்திருக்க முடியாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கோளின் பாதை மாறுவது இயலாத செயல் அன்று. மாறும்போது ஆற்றல் எங்கோ போய்ச் சேர வேண்டும். அது போய்ச் சேர்ந்த இடத்தில் தடயம் இருக்க வேண்டும். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டு என்பது அந்தத் தடயம் ஆறிவிடப் போதிய காலம் அன்று.

## களிமண் பலகைகள் சொல்லும் சாட்சியம்

கணக்கு மட்டும் போதாது என்று சொல்பவருக்கு, அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களின் குறிப்புகளே உள்ளன. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று காலையில் பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அங்கிருந்த வானியலாளர் ஒருவர் அதைக் களிமண் பலகையில் பதிந்தார். கதிரவன் எழுந்து 24 பாகை கழித்துக் கிரகணம் தொடங்கியது. 18 பாகை நேரத்தில் முழுமையடைந்தது. அவர்கள் கணக்கில் ஒரு பாகை என்பது நான்கு நிமிடம். பகல் இருண்டபோது வெள்ளியும் புதனும் விண்மீன்களும் தெரிந்தன. கதிரவனின் ஒளியில் மறைந்திருக்கும் பருவத்தில் இருந்த வியாழனும் செவ்வாயும் கூடத் தெரிந்தன என்று அவர் எழுதியிருக்கிறார். இன்றைய கோள் பாதைகளை அப்படியே பின்னோக்கிக் கணித்தால், அந்த நாளில், அந்தக் காலைப் பொழுதில், அந்தக் கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றி அந்த அந்த இடங்களிலேயே நிற்கின்றன.

பொருந்தாத ஒன்றும் உண்டு. பூமி இன்றைய வேகத்திலேயே எப்போதும் சுழன்றது என்று கொண்டால், அந்தக் கிரகணத்தின் முழுநிழல் பாபிலோனுக்கு நான்காயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக மேற்கே விழுந்திருக்க வேண்டும். வேறுபாடு ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரம். இதற்குக் காரணம் ஓதம். நிலவின் ஈர்ப்பால் கடல்நீர் உயர்ந்து தாழ்வதற்கு ஓதம் என்று பெயர். அதன் உராய்வு பூமியின் சுழற்சியை மெல்ல மெல்லத் தளர்த்துகிறது. நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிநொடி கூடுகிறது என்பதைப் பண்டைய கிரகணக் குறிப்புகளை எல்லாம் தொகுத்து ஸ்டீபன்சன், மோரிசன், ஹோகென்கெர்க் ஆகியோர் 2016-இல் வெளியிட்டனர். பூமி இழக்கும் கோணவுந்தம் நிலவுக்குச் செல்வதால் நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுகிறது, 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட எதிரொளிப்பான்களில் லேசர் கதிரைப் பட்டுத் திரும்பச் செய்து இதை அளக்கிறார்கள். ஒரு நாளில் மில்லிநொடியின் பங்கைக் கூட வெளிக்காட்டும் நுண்மை இந்தப் பலகைகளுக்கு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பூமியின் சுழற்சி நின்று மீண்டும் தொடங்கியிருந்தால் அது இவற்றின் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

இந்தக் கிரகணம் கி.மு. 687-க்குப் பிந்தியது, அதற்குள் வானம் அமைதியடைந்துவிட்டது என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான எதிர்க்கேள்விதான். பண்டைய கிரேக்க வானியலாளர் தாலமி தம் நூலில் மூன்று பழைய பாபிலோனிய நிலவுக் கிரகணங்களை எடுத்துக் காட்டுகிறார்: கி.மு. 721 மார்ச் 19, கி.மு. 720 மார்ச் 8, அதே ஆண்டு செப்டம்பர் 1. மூன்றும் இன்றைய நிலவுப் பாதையோடும் பூமிப் பாதையோடும் பொருந்துகின்றன. செவ்வாய் பூமியைப் புரட்டிப்போட்டதாகச் சொல்லப்படும் காலத்துக்கு நடுவே இவை நிற்கின்றன.

வெள்ளிக்கே உரிய பலகையும் ஒன்று உண்டு. பாபிலோனிய அரசர் அம்மிசதுகாவின் காலத்தில், அதாவது கி.மு. பதினேழாம் நூற்றாண்டை ஒட்டி, இருபத்தொரு ஆண்டுகள் வெள்ளி தோன்றியதும் மறைந்ததும் குறிக்கப்பட்டன. நமக்குக் கிடைத்திருப்பவை ஆயிரம் ஆண்டு கழித்து எடுக்கப்பட்ட படிகள். முதல் குறிப்பு இப்படிப் போகிறது: சபாத்து மாதம் 15-ஆம் நாள் வெள்ளி மேற்கில் மறைந்தது, மூன்று நாள் காணப்படவில்லை, 18-ஆம் நாள் கிழக்கில் தோன்றியது. அதோடு மழை, வெள்ளம், அரசர்களிடையே சமாதானம் என்று நிமித்தப் பலனும் வருகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வெள்ளி கடக்கும்போது சில நாள்கள் மட்டும் மறைந்து, மேற்கு வானிலிருந்து கிழக்கு வானுக்கு மாறித் தோன்றுவதை இன்றும் எவரும் காணலாம்.

வெள்ளி ஒருமுறை இப்படிச் சுற்றி வர ஏறத்தாழ 584 நாள் ஆகிறது. இதுபோன்ற ஐந்து சுற்றுகள் 2,920 நாள். எட்டு ஆண்டுகள் 2,922 நாள். ஆகவே எட்டு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளி ஏறத்தாழ அதே நாளில் அதே இடத்துக்கு வருகிறது. அம்மிசதுகாப் பலகையில் இந்த எட்டாண்டுச் சந்தம் தெளிவாகக் கேட்கிறது. வெள்ளி அன்றும் இன்றைய பாதையிலேயே சென்றது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் வேறொன்று இல்லை.

மாற்றுக் கோட்பாட்டினரும் இதே பலகையை எடுத்துக்காட்டுகிறார்கள். ஓரிடத்தில் வெள்ளி ஒன்பது மாதம் நான்கு நாள் மறைந்திருந்தது என்று எழுதப்பட்டுள்ளது. அது இன்றைய வெள்ளிக்கு இயலாதது. நடுவே ஒரு பகுதி, ஒரே அளவான எண்களைத் திரும்பத் திரும்பத் தருகிறது. அது கண்டு எழுதியதன்று, பிற்காலத்தார் வகுத்துச் சேர்த்த அட்டவணை. தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்த நூலில் பிழை இருப்பது இயல்பு. ஆனால் பெரும்பாலான குறிப்புகள் ஒழுங்கான பாதையோடு பொருந்த, ஒன்றிரண்டு மட்டும் விலகும்போது, விலகிய ஒன்றை எடுத்துக்கொண்டு பொருந்தியவற்றைத் தள்ளுவது ஆய்வு முறை ஆகாது. பாதையில் அலைந்த கோள் ஒரே ஆண்டில் மட்டும் பிசகி, மற்ற ஆண்டுகளில் எட்டாண்டு ஒழுங்கைக் காத்திருக்காது.

நிலத்திலும் சாட்சிகள் உண்டு. கிரீன்லாந்தின் பனிக்கட்டியில் ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் பனி படிந்துள்ளது. 1783-இல் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலையும் 1815-இல் தம்போரா எரிமலையும் உமிழ்ந்த கந்தகம் அந்த அடுக்குகளில் படிந்திருக்கிறது. மத்திய ஐரோப்பாவின் மரவளையங்களை ஒன்றோடொன்று கோத்து 12,000 ஆண்டுகளுக்கும் மேலாக இடைவெளியின்றி எண்ணியிருக்கிறார்கள். ஓர் எரிமலையைப் பதிந்து வைத்த பனி, பூமியளவுள்ள கோள் உரசிச் சென்றதைப் பதியாமல் விட்டிருக்க இயலாது.

## “வெள்ளி சூடாக இருக்கும் என்றாரே, அது உண்மையாயிற்றே?”

இந்த வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். வெள்ளி சூடாக இருக்கும் என்று வெலிகோவ்ஸ்கி சொன்னது உண்மை. அதன் தரை ஏறத்தாழ 465 பாகை செல்சியஸ் என்பதும் உண்மை. வியாழனிலிருந்து வானொலி அலைகள் வரும் என்ற அவர் கருத்தும் 1955-இல் அவ்வலைகள் கண்டுபிடிக்கப்பட்டபோது பேசப்பட்டது. 1962-இல் பார்க்மன், மோட்ஸ் என்ற இரு அறிவியலாளர்கள், அவருடைய கோட்பாட்டை ஏற்காதபோதும், இந்த முன்கூற்றுகளுக்கான பெருமை அவருக்கு உரியது என்று கடிதம் எழுதினார்கள்.

ஆனால் முடிவு ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாகிவிடாது. புதிதாகப் பிறந்து இன்னும் ஆறாத கோள் என்பதால் வெள்ளி சூடாக இருக்கும் என்றார் அவர். உண்மையில் அதன் வளிமண்டலம் பூமியுடையதைப் போல ஏறத்தாழ 90 மடங்கு அழுத்தம் கொண்டது. அதில் 96 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. தரை வெளியிடும் வெப்பத்தை அந்த வாயு வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது. இதுவே பசுங்குடில் விளைவு. கார்பன் டை ஆக்சைடால் வெள்ளி சூடாக இருக்கும் என்று வானியலாளர் ரூபர்ட் வில்ட் 1940-இலேயே எழுதிவிட்டார். வெள்ளியின் மேகங்களில் ஹைட்ரோகார்பன் இருக்கும் என்ற வெலிகோவ்ஸ்கியின் மற்றொரு கூற்று பொய்த்தது. அங்கே இருப்பது கந்தக அமிலம். 1990 முதல் 1994 வரை மெகல்லன் விண்கலம் ரேடார் மூலம் வரைந்த வெள்ளியின் தரையில் 900-க்கும் மேற்பட்ட மோதல் பள்ளங்கள் தெரிந்தன. அத்தனை பள்ளங்கள் விழப் பல கோடி ஆண்டுகள் வேண்டும்.

## கண்டு எழுதியதும் கணித்து எழுதியதும்

பண்டைய வானியலைப் பற்றிப் பேசும்போது எளிதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு நூலில் பழைய தேதி இருந்தால், அந்தத் தேதியில் யாரோ வானைப் பார்த்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்திய வானியலின் கலியுகத் தொடக்கமான கி.மு. 3102 பிப்ரவரி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அன்று கோள்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடின என்ற மரபை வைத்து, பிரெஞ்சு வானியலாளர் பெய்லி 1787-இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய வானியல் அந்தக் காலத்து நேரடி நோக்கல்களிலிருந்து பிறந்தது என்று வாதிட்டார். பிரெஞ்சுக் கணித, வானியல் அறிஞர் லாப்லாஸ் அதை ஏற்கவில்லை. இன்றைய கணக்கின்படி அன்று கோள்கள் ஒரே புள்ளியில் இல்லை. வானில் பரந்து நின்றன.

இதனால் இந்திய வானியலுக்குக் குறைவு எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோள்களின் சராசரி வேகங்களை நுட்பமாக அளந்த அறிஞர்கள், அவை எல்லாம் ஒன்றுசேரும் ஒரு தொடக்கப் புள்ளியைப் பின்னோக்கிக் கணித்துக் கண்டார்கள். கணக்குக்கு அது மிகவும் வசதியான ஏற்பாடு. ஆரியபட்டர் தமக்கு 23 வயதானபோது கலியுகத்தில் 3,600 ஆண்டு கழிந்திருந்தது என்கிறார், அது கி.பி. 499. அவருடைய கோள்நிலைகள் அவர் வாழ்ந்த காலத்து வானோடு நன்றாகப் பொருந்துகின்றன. பழங்காலத்துக்குப் போகப் போகப் பிழை கூடுகிறது. ஒரு கணக்கு எந்தக் காலத்தில் மிகச் சரியாக இருக்கிறதோ, அந்தக் காலத்து நோக்கல்களே அதற்கு அடிப்படை. பிழையின் அளவே நூலின் வயதைச் சொல்லிவிடுகிறது.

கீசாவின் பிரமிடுகள் கி.மு. 10,500-இல் இருந்த ஓரியன் தொகுதியின் இடைக்கச்சை விண்மீன்களின் நிலையைக் காட்டுகின்றன என்ற கூற்றும் இதே இடத்தில் தடுமாறுகிறது. பூமியின் அச்சு ஏறத்தாழ 25,800 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூம்பு வடிவில் சுற்றி வருவதால் விண்மீன்களின் நிலை மெல்ல மாறுகிறது. இதற்கு அயன சலனம் என்று பெயர். அந்த மாற்றத்தைக் கணினியில் பின்னோக்கி ஓட்டி ஒரு பழைய வானத்தைத் திரையில் கொண்டுவரலாம். அந்த வானத்தை அப்போது யாரேனும் கண்டு குறித்தார்கள் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

## தொன்மங்கள் ஏன் ஒத்திருக்கின்றன?

ஒன்றையொன்று அறியாத மக்களிடம் ஒரே மாதிரியான வெள்ளிக் கதைகள் இருப்பது பேரழிவுக் கோட்பாட்டினரின் வலுவான வாதம். மத்திய அமெரிக்காவின் மாயர்கள் விட்டுச் சென்று இன்று டிரெஸ்டன் நகரில் காக்கப்படும் சுவடியில் வெள்ளிக்கு ஒரு முழு அட்டவணை இருக்கிறது. அதிலும் 584 நாள். அதிலும் ஐந்து சுற்றுக்கு எட்டு ஆண்டு. பாபிலோனியரும் மாயரும் சந்தித்ததில்லை. இருவரும் பார்த்தது ஒரே வெள்ளியை. மிகப் பிரகாசமான ஒளி, மாலையில் திகழ்ந்து, சில நாள் இல்லாமல் போய், விடியலில் மீண்டு வருவது எந்த மக்களுக்கும் இறப்பையும் மறுபிறப்பையும் நினைவூட்டும். கதைகள் ஒத்திருப்பதை விளக்க இந்த ஒழுங்கே போதும். மாயரின் அட்டவணை அமைதியாக ஓடும் வெள்ளிக்குத்தான் பொருந்தும், அலைந்த வெள்ளிக்குப் பொருந்தாது.

## அறிவியல் ஏற்றுக்கொண்ட பேரழிவுகள்

புதுமையான கருத்துகளை அறிவியல் ஏற்காது என்பதும் உண்மையன்று. வானிலிருந்து கற்கள் விழுகின்றன என்று 1794-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாட்னி எழுதியபோது பலர் ஏற்கவில்லை. 1803 ஏப்ரலில் பிரான்சின் லேக்ல் ஊரருகே ஆயிரக்கணக்கான கற்கள் பட்டப்பகலில் விழ, பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ நேரில் சென்று ஆராய்ந்து எழுதிய பிறகு எதிர்ப்பு அடங்கியது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகோள் மோதியதால் டைனோசர்கள் அழிந்தன என்று 1980-இல் அல்வாரெசும் குழுவினரும் சொன்னபோதும் கடும் எதிர்ப்பு இருந்தது. களிமண் அடுக்கில் இரிடியம் என்ற அரிய உலோகம் மிகுந்திருந்தது அவர்கள் கையில் இருந்த சான்று. பின்னர் மெக்சிகோவின் சிக்சுலூப் பள்ளமும் அடையாளம் காணப்பட்டது.

நிலவு பிறந்ததே செவ்வாயின் அளவுள்ள ஒரு பொருள் இளம் பூமியோடு மோதியதால்தான் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய பெருங்கோள்கள் தொடக்கக் காலத்தில் இடம் பெயர்ந்தன என்ற விளக்கம் 2005-இல் விரிவாக முன்வைக்கப்பட்டது. எதிர்காலமும் முழு உறுதியோடு இல்லை: லஸ்காரும் கஸ்தினோவும் 2009-இல் கோள்களின் பாதைகளை ஐந்நூறு கோடி ஆண்டு முன்னோக்கிக் கணினியில் 2,501 முறை ஓட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ நூற்றில் ஒரு முறை புதனின் பாதை மிகவும் நீண்டு நிலைகுலைந்தது. வெலிகோவ்ஸ்கி கற்பனை செய்ததைவிட வியப்பான வரலாறு இது. இவை ஏற்கப்பட்டதற்குக் காரணம், ஒவ்வொன்றும் ஆற்றலுக்கும் காலத்துக்கும் கணக்குக் கொடுத்ததோடு, மற்றவர் சென்று சரிபார்க்கக்கூடிய தடயத்தையும் சுட்டிக்காட்டியதே.

## இன்னும் திறந்திருக்கும் கேள்வி

நெப்டியூனுக்கு அப்பால் உள்ள சில சிறு பனிப்பொருள்களின் பாதைகள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்ட வானியலாளர்கள் பேட்டிகினும் பிரவுனும், அங்கே பூமியைவிடப் பல மடங்கு நிறையுள்ள ஒரு கோள் மறைந்திருக்கலாம் என்று 2016-இல் எழுதினார்கள். அதை ஒன்பதாம் கோள் என்கிறார்கள். அதை எடுத்து “நிபிரு கிடைத்துவிட்டது” என்று பரப்பியவர்கள் பலர். இவர்கள் சொல்லும் கோள் நெப்டியூனுக்கு வெகு அப்பாலேயே சுற்றுவது. பூமிப் பக்கம் வருவதில்லை. ஒரு சுற்றுக்குப் பத்தாயிரம் ஆண்டு அளவில் எடுப்பது. அந்தச் சாய்வே நாம் வானின் சில பகுதிகளை மட்டும் தேடியதால் ஏற்பட்ட தோற்றம் என்று மறுக்கும் வானியலாளர்களும் உள்ளனர். 2025-இல் தன் முதல் படங்களை வெளியிட்ட சிலியின் வேரா ரூபின் ஆய்வகம், தென்வானத்தைச் சில இரவுகளுக்கு ஒருமுறை முழுவதும் படமெடுக்கும் வகையில் அமைக்கப்பட்டது. அந்தக் கோள் அங்கே இருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும், சாய்வு வெறும் தோற்றம் என்றால் அதைக் காட்டவும் தேவையான பாதைகளை அந்தப் படங்களிலிருந்தே அளப்பார்கள்.